கார் ஒரு பக்கம் சாயுதா? ஷாக் அப்சார்பருக்கு காசு கொடுக்கும் முன் இன்ச் டேப்பை எடுங்க!

ஸ்பீடு பிரேக்கரில் ஏறி இறங்கும்போது வண்டியின் அடி தட்டுகிறது. பின் சீட்டில் இரண்டு பேர் உட்கார்ந்தாலே டயர் மட்கார்டுக்குள் புதைந்த மாதிரி ஆகிவிடுகிறது. சமதளத்தில் நிறுத்தினாலும் கார் ஒரு பக்கம் சாய்ந்து நிற்கிறது. இப்படி ஒரு காரை பட்டறைக்குக் கொண்டு போனால், பல இடங்களில் முதலில் வரும் பதில், "ஷாக் போயிடுச்சு சார், நாலையும் மாத்திடலாம்" என்பதுதான்.

நாலையும் மாற்றிய பிறகு குலுக்கல் குறையலாம். ஆனால், கார் பழைய உயரத்திலேயே நிற்கும், பழைய பக்கமே சாயும். ஏனென்றால், காரைத் தாங்கிப் பிடிப்பது ஷாக் அப்சார்பரின் வேலையே கிடையாது. அது ஸ்பிரிங்கின் வேலை. இந்த வித்தியாசம் தெரியாமல் போனால் பணமும் போகும், பிரச்னையும் அப்படியே இருக்கும்.

உங்கள் காருக்கு உண்மையில் எது தேவை? அதைத் தெரிந்துகொள்ள ஒரு இன்ச் டேப், ஒரு பேப்பர், பதினைந்து நிமிடம் போதும். எப்படி அளப்பது, எந்த அளவு வந்தால் எதை மாற்றுவது? பார்க்கலாம்.

ஸ்பிரிங் என்ன செய்யுது? ஷாக் என்ன செய்யுது?

காரின் எடை முழுவதையும் சுமப்பது ஸ்பிரிங். ஸ்விஃப்ட், வேகன் ஆர், ஐ10 போன்ற கார்களில் நான்கு சக்கரத்திலும் சுருள் வடிவ காயில் ஸ்பிரிங் இருக்கும். பொலேரோ, பழைய ஆம்னி போன்ற வண்டிகளின் பின்பக்கத்தில் பட்டை பட்டையாக அடுக்கிய லீஃப் ஸ்பிரிங் இருக்கும். அம்பாசிடர், குவாலிஸ் போன்ற பழைய வண்டிகளின் முன்பக்கத்தில் இருப்பது டார்ஷன் பார். இது ஒரு நீளமான கம்பி. முறுக்கேறி நின்று எடையைத் தாங்கும்.

ஸ்பிரிங் மட்டும் இருந்தால் ஒரு பள்ளத்தில் விழுந்த கார் ஊஞ்சல் மாதிரி ஆடிக்கொண்டே போகும். அந்த ஆட்டத்தை அடக்குவதற்குத்தான் ஷாக் அப்சார்பர். அதற்குள் எண்ணெயும் ஒரு பிஸ்டனும் இருக்கும். பிஸ்டன் மேலும் கீழும் போகும்போது எண்ணெய் சின்னத் துளைகள் வழியாகக் கஷ்டப்பட்டு நுழைந்து வரும். அந்த இழுபறியில் ஆட்டம் அடங்கிவிடும்.

கேஸ் நிரப்பிய ஷாக் புதிதாகப் போட்டால் அந்த அழுத்தத்தில் கார் சில மில்லிமீட்டர் உயரலாம். அவ்வளவுதான். ஒரு அங்குலம் இறங்கிப்போன காரை அது தூக்கி நிறுத்தாது. ஏர் சஸ்பென்ஷன் உள்ள விலை உயர்ந்த கார்களின் கதை வேறு. இங்கே சொல்வதெல்லாம் சாதாரண ஸ்பிரிங் போட்ட கார்களுக்கு.

சுருக்கமாக, உயரம் குறைந்தால் ஸ்பிரிங் பக்கம் பாருங்க. ஆட்டம் அடங்காவிட்டால் ஷாக் பக்கம் பாருங்க.

அளக்கும் முன் இதையெல்லாம் சரி பண்ணுங்க

அவசரத்தில் அளந்தால் தப்பான அளவுதான் வரும். முதலில் செய்ய வேண்டியவை:

1. நிஜமான சமதளத்தில் காரை நிறுத்துங்கள். வீட்டு வாசல் பெரும்பாலும் தண்ணீர் ஓட வாட்டமாகப் போட்டிருப்பார்கள். அது வேண்டாம். பெட்ரோல் பங்க், அபார்ட்மென்ட் பார்க்கிங் போன்ற இடங்கள் பரவாயில்லை. சந்தேகம் இருந்தால் ஒருமுறை அளந்துவிட்டு, காரைத் திருப்பி நிறுத்தி மறுபடி அளங்கள். சாய்வு காரோடு சேர்ந்து திரும்பினால் பிரச்னை காரில். திரும்பாவிட்டால் தரையில்.

2. டிரைவர் கதவைத் திறந்தால் பக்கத்துத் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அதில் சொல்லியுள்ள அளவுக்கு நான்கு டயரிலும் காற்று நிரப்புங்கள்.

3. டிக்கியைக் காலி செய்யுங்கள். பல கார்களில் அரிசி மூட்டை, தண்ணீர் கேன், பழைய பேட்டரி எல்லாம் மாதக்கணக்கில் குடியிருக்கும். ஸ்டெப்னியும் ஜாக்கியும் மட்டும் இருக்கட்டும்.

4. உள்ளே யாரும் இருக்கக் கூடாது. கதவுகள் மூடியிருக்க வேண்டும்.

5. காரைச் சில மீட்டர் முன்னும் பின்னும் நகர்த்தி, நான்கு மூலையிலும் இரண்டு முறை அழுத்தி விடுங்கள். ஜாக்கி போட்டு இறக்கிய உடனே அளந்தால் உயரம் அதிகமாகக் காட்டும்.

எங்கே அளக்கணும்?

பலரும் தரையிலிருந்து மட்கார்டு வரை அளப்பார்கள். அதில் டயர் தேய்மானம், காற்று, டயர் சைஸ் எல்லாம் கலந்துவிடும். சரியான இடம், சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து நேர் மேலே மட்கார்டின் வளைவு விளிம்பு வரை. டயர் எதுவாக இருந்தாலும் இந்த அளவு மாறாது. சஸ்பென்ஷன் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பதை மட்டும் இது காட்டும்.

நான்கு சக்கரத்துக்கும் மில்லிமீட்டரில் எழுதிக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றையும் மூன்று முறை அளந்து, பொதுவாக வருவதை எடுத்துக்கொள்ளலாம்.

கூடவே இன்னொரு அளவும் வேண்டும். கதவுக்குக் கீழே ஜாக்கி வைக்கும் இடத்திலிருந்து தரை வரை, இரண்டு பக்கமும் அளங்கள். மட்கார்டு அளவில் வித்தியாசம் இருந்து, ஜாக்கி பாயிண்ட் அளவு இரண்டு பக்கமும் சமமாக இருந்தால், சஸ்பென்ஷனில் குறை இல்லாமல் இருக்க வாய்ப்பு அதிகம். எப்போதோ இடிபட்டு டிங்கரிங் செய்த மட்கார்டு சரியாக உட்காராமல் இருக்கலாம்.

எவ்வளவு வித்தியாசம் வரலாம்?

இறுதி அளவு அந்தந்த மாடலின் சர்வீஸ் மேனுவலில்தான் இருக்கும். ஆனாலும் வீட்டில் அளப்பவர்களுக்கு ஒரு பொதுவான கணக்கு உதவும். ஒரே ஆக்ஸிலில் இடதுக்கும் வலதுக்கும் 10 மி.மீ. வரை வித்தியாசம் இருந்தால் பதற வேண்டாம். 15 மி.மீ. தாண்டினால் காரணம் தேட வேண்டும்.

உதாரணத்துக்கு ஒரு கார் இப்படி அளவு காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம்:

முன் இடது: 378 மி.மீ.
முன் வலது: 374 மி.மீ.
பின் இடது: 352 மி.மீ.
பின் வலது: 329 மி.மீ.

முன்பக்கம் 4 மி.மீ.தான் வித்தியாசம். பின்பக்கம் 23 மி.மீ. வித்தியாசம். பின் வலது மூலை இறங்கியிருக்கிறது. அதற்கு நேர் குறுக்கே இருக்கும் முன் இடது மூலை கொஞ்சம் தூக்கியிருப்பதையும் கவனியுங்கள். நாற்காலியின் ஒரு கால் குட்டையானால் எதிர் மூலை எழும்பும் அல்லவா, அதே கதைதான். இந்தக் காரில் முதலில் பார்க்க வேண்டியது பின் வலது ஸ்பிரிங். முன் ஷாக்கை மாற்றச் சொன்னால், "ஏன்?" என்று கேட்கலாம்.

குற்றவாளி முன்பக்கமா, பின்பக்கமா என்று குழப்பம் வந்தால் மெக்கானிக்குகள் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். முன்பக்கத்தின் மையத்தில் உள்ள ஜாக்கி இடத்தில் டிராலி ஜாக்கி கொடுத்துத் தூக்குவார்கள். அப்போது முன் ஸ்பிரிங்குகளின் பங்கு போய்விடும். பின்பக்கம் இன்னும் சாய்ந்தே நின்றால் கோளாறு பின்னாடி. நிமிர்ந்துவிட்டால் கோளாறு முன்னாடி. இதைப் பட்டறையில் செய்வதே பாதுகாப்பு. ஜாக்கியை மட்டும் நம்பி காருக்கு அடியில் யாரும் தலையை விடக் கூடாது.

ரெண்டு பக்கமும் சமமா இறங்கியிருந்தா?

இதுதான் கண்டுபிடிக்கக் கஷ்டமான விஷயம். இடது, வலது சமமாக இருக்கும். ஆனால் இரண்டுமே இறங்கியிருக்கும். வருஷக்கணக்கில் மெதுவாக நடப்பதால் ஓட்டுபவருக்குத் தெரியவே தெரியாது.

இதற்கு ஒப்பிட்டுப் பார்க்க ஒன்று வேண்டும். சர்வீஸ் சென்டரில் உங்கள் மாடலின் அளவைக் கேட்கலாம். இல்லையென்றால் அதே மாடல், அதே எரிபொருள், அதே டயர் சைஸ் உள்ள புதிய கார் ஒன்றை அளந்து ஒப்பிடலாம். பெட்ரோல் காரையும் டீசல் காரையும் ஒப்பிடக் கூடாது. டீசல் இன்ஜின் எடை அதிகம் என்பதால் முன் ஸ்பிரிங்கே வேறாக இருக்கும்.

பம்ப் ஸ்டாப் என்று ஒரு ரப்பர் கட்டை உள்ளே இருக்கும். ஸ்பிரிங் முழுசாக அமுங்கும்போது இரும்பும் இரும்பும் மோதாமல் காப்பாற்றுவது அதுதான். கார் காலியாக நிற்கும்போதே அது நசுங்கிய நிலையில் இருந்தால், ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது என்பதற்கு அது ஒரு அடையாளம்.

அடி தட்டுவது காரின் தப்பா? ரோட்டின் தப்பா?

ஸ்பீடு பிரேக்கர் எப்படி இருக்க வேண்டும் என்று இந்திய சாலைகள் காங்கிரஸ் வழிகாட்டுதல் வைத்திருக்கிறது. 10 செ.மீ. உயரம், 3.7 மீட்டர் அகலம். மணிக்கு 25 கி.மீ. வேகத்தில் ஏறி இறங்கும்படியான மெல்லிய வளைவு அது. ஸ்விஃப்ட்டின் முன், பின் சக்கரங்களுக்கு இடைப்பட்ட தூரம் 2.45 மீட்டர். அதாவது, அந்த மேட்டின் அகலத்தை விடக் குறைவு. ஆகவே முன், பின் சக்கரங்கள் இரண்டுமே மேட்டின் மேல் இருக்கும்போது, நடுவில் எழும்பும் மேடு சுமார் 4.5 செ.மீ.தான் இருக்கும். ஸ்விஃப்ட்டின் கிரவுண்ட் கிளியரன்ஸ் 163 மி.மீ. ஆள் ஏறி கொஞ்சம் அமுங்கினாலும் இடம் தாராளமாக மிஞ்சும்.

அப்படியானால் தெருவில் ஏன் தட்டுகிறது? பல ஸ்பீடு பிரேக்கர்கள் இந்த அளவில் இல்லை. அரை மீட்டர் அகலத்தில் சுவர் மாதிரி கட்டியிருப்பார்கள். அதில் நல்ல காரே தட்டும். ஆக, ஒரே ஒரு இடத்தில் மட்டும் தட்டினால் ரோட்டைச் சந்தேகப்படுங்கள். முன்பு தட்டாத இடங்களில் எல்லாம் இப்போது தட்டினால், டேப்பை எடுக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது.

சிஎன்ஜி கிட் போட்டவர்கள் கவனத்துக்கு

கம்பெனியிலேயே வரும் சிஎன்ஜி கார்களில் கூடுதல் எடைக்கு ஏற்ப சஸ்பென்ஷனை அமைத்திருப்பார்கள். வெளியில் கிட் போட்டால் பழைய பெட்ரோல் ஸ்பிரிங்தான் டிக்கியில் இருக்கும் சிலிண்டரையும் சேர்த்துச் சுமக்கும். பின்பக்கம் இறங்குவது இயல்பு. இதில் ஸ்பிரிங் 'போய்விடவில்லை'. அதற்குக் கொடுத்த சுமைதான் அதிகம். அதே பெட்ரோல் ஸ்பிரிங்கைப் புதிதாகப் போட்டாலும் முழுப் பலன் கிடைக்காது. அதே மாடலின் சிஎன்ஜி காருக்கான ஸ்பிரிங் பொருந்துமா என்று பார்ட் நம்பரை வைத்துக் கேளுங்கள்.

ஸ்பிரிங் எப்போ மாத்தணும்?

உடைந்திருந்தால் உடனே மாற்ற வேண்டும். காயில் ஸ்பிரிங் பெரும்பாலும் கீழ்ச் சுற்றில்தான் உடையும். சேறும் தண்ணீரும் தேங்கித் துருப்பிடிக்கும் இடம் அது. கடலோர ஊர்களில் உப்புக் காற்றும் சேர்ந்துகொள்ளும். உடைந்த முனை கூர்மையாக இருக்கும். சில மாடல்களில் அது டயரையே கிழித்துவிடும். 'கார் ஓடுதே' என்று தள்ளிப்போடக் கூடாத ஒரே விஷயம் இதுதான்.

உடையவில்லை, ஆனால் ஒரு பக்கம் 15 மி.மீ.க்கு மேல் இறங்கியிருக்கிறது என்றால், ஸ்பிரிங் தன் இருக்கையில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா, அதன் அடி ரப்பர் நசுங்கியிருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். அவை சரியாக இருந்தால் ஸ்பிரிங்கை மாற்றலாம்.

லீஃப் ஸ்பிரிங்கில் பட்டை உடைந்திருக்கிறதா, வளைவு தட்டையாகிவிட்டதா, ஷேக்கிள் புஷ் தேய்ந்ததா என்று பார்ப்பார்கள். டார்ஷன் பாரில் உயரத்தைச் சரிசெய்ய போல்ட் இருக்கும். அங்கே உதிரிபாகம் மாற்றாமலே உயரம் சரியாகலாம்.

ஷாக் எப்போ மாத்தணும்?

இதற்கு உயரம் அடையாளம் இல்லை. பார்க்க வேண்டியவை வேறு.

ஷாக்கின் மேல் எண்ணெய் வழிந்து, தூசி பசை மாதிரி ஒட்டியிருந்தால் சீல் போய்விட்டது. ஆனால் மேல் பகுதியில் லேசான எண்ணெய்ப் படலம் மட்டும் இருந்தால் அது இயல்புதான். "லீக் ஆகுது" என்று சொன்னால் டார்ச் அடித்துக் காட்டச் சொல்லுங்கள்.

மேட்டில் இறங்கியதும் கார் ஒருமுறை எழும்பி அடங்க வேண்டும். இரண்டு, மூன்று முறை ஆடினால் ஷாக் தளர்ந்திருக்கிறது. மூலையை அழுத்தி விட்டுப் பார்க்கும் பழைய டெஸ்ட்டும் இதற்குத்தான். ஆனால், கட்டியான சஸ்பென்ஷன் உள்ள இப்போதைய கார்களில் அதை மட்டும் வைத்து முடிவு எடுக்க முடியாது.

டயரைக் கையால் தடவிப் பாருங்கள். ஆங்காங்கே குழி குழியாகத் தேய்ந்திருந்தால், டயர் தரையைச் சரியாகப் பிடிக்காமல் துள்ளுகிறது என்று அர்த்தம். தளர்ந்த ஷாக் இதற்கு ஒரு முக்கியக் காரணம். துள்ளும் டயரில் பிரேக்கும் சரியாகப் பிடிக்காது. எனவே இது சொகுசு சம்பந்தப்பட்ட விஷயம் மட்டும் இல்லை.

'கடக் கடக்' சத்தம் வந்தால்? ஷாக்கைக் குறை சொல்லும் முன் லிங்க் ராடு, லோயர் ஆர்ம் புஷ், பால் ஜாயிண்ட், ஸ்ட்ரட் மவுண்ட் எல்லாவற்றையும் ஆட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். சின்ன லிங்க் ராடு செய்யும் சத்தத்துக்குப் பெரிய பில் கட்டியவர்கள் உண்டு.

ஒண்ணு மாத்தினா போதுமா? நாலும் மாத்தணுமா?

ஒரே ஆக்ஸிலில் உள்ள இரண்டையும் ஜோடியாக மாற்றுவதுதான் முறை. ஒரு பக்கம் புதுசும் மறுபக்கம் பழசும் இருந்தால் உயரமும் பிடிப்பும் ஒத்துப்போகாது. பின் வலது ஸ்பிரிங் போனால் பின் இடதையும் சேர்த்து மாற்றுங்கள். ஆனால் அதற்காக முன்பக்கத்தையும் மாற்ற வேண்டும் என்று விதி இல்லை. முன்பக்க அளவு சரியாக இருந்தால் அதை விட்டுவிடலாம்.

முன் ஸ்ட்ரட்டைக் கழற்றினால் ஸ்பிரிங், ஷாக், மவுண்ட், பம்ப் ஸ்டாப் எல்லாமே கையோடு வெளியே வரும். கூலி ஒருமுறைதான். அப்போது நைந்துபோன சின்ன ரப்பர்களை மாற்றிவிடுவது லாபம். ஸ்பிரிங்கை மட்டும் வீட்டில் கழற்ற முயற்சிக்க வேண்டாம். அழுத்தத்தில் இருக்கும் ஸ்பிரிங் தெறித்தால் உயிருக்கே ஆபத்து.

ரப்பர் பஃபர் போட்டா சரியாகிடுமா?

ஸ்பிரிங் சுற்றுகளுக்கு நடுவே செருகும் ரப்பர் பஃபர் சில நூறு ரூபாயிலிருந்தே கடைகளில் கிடைக்கிறது. போட்டதும் கார் தூக்கி நிற்கும். ஆனால், செருகிய இடத்தில் ஸ்பிரிங் அசைய முடியாது. மற்ற சுற்றுகள் கூடுதலாக வேலை செய்யும். ஓட்டம் கடினமாகும். ஏற்கெனவே தளர்ந்த அல்லது விரிசல் விட்ட ஸ்பிரிங்குக்கு இது மருந்து கிடையாது. நோயை மூடி மறைப்பதுதான். காரை வேண்டுமென்றே அதிகம் உயர்த்துவதோ தாழ்த்துவதோ செய்தால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு வாகன மாற்றங்களைக் கட்டுப்படுத்துகிறது என்பதையும் நினைவில் வையுங்கள். ஆர்டிஓ அலுவலகத்திலும் காப்பீட்டு நிறுவனத்திலும் முதலில் கேட்டுவிடுங்கள்.

மாத்தின பிறகு மறக்கக் கூடாத 4 விஷயங்கள்

முதல் விஷயம், லோயர் ஆர்ம் போன்ற ரப்பர் புஷ் உள்ள போல்ட்டுகளைக் கடைசியாக இறுக்கும்போது காரின் எடை சக்கரத்தின் மேல் இருக்க வேண்டும். சக்கரம் தொங்கும் நிலையில் இறுக்கினால், கார் இறங்கியதும் ரப்பர் முறுக்கிக்கொள்ளும். உயரமும் தப்பாகக் காட்டும், புஷ்ஷும் சீக்கிரம் கிழியும்.

இரண்டாவது, முன் ஸ்ட்ரட் கழற்றியிருந்தால் வீல் அலைன்மென்ட் கட்டாயம்.

மூன்றாவது, ஹெட்லைட். பின்பக்கம் இறங்கிய காரின் வெளிச்சம் மேல் நோக்கிப் போய் எதிரில் வருபவரின் கண்ணைக் கூசச் செய்யும். அதற்காக முன்பே லைட்டைக் கீழே இறக்கி வைத்திருந்தால், இப்போது திரும்பச் சரிசெய்ய வேண்டும்.

நான்காவது, அதே டேப், அதே இடம். சில நாள் ஓட்டிய பிறகு மறுபடி அளந்து பழைய பேப்பரோடு ஒப்பிடுங்கள். புது ஸ்பிரிங் கொஞ்சம் அமர்ந்து நிலைக்கும். இடது, வலது அளவு நெருங்கி வந்திருந்தால் கொடுத்த காசுக்கு வேலை நடந்திருக்கிறது.

பட்டறையில் இந்த 3 கேள்வியைக் கேளுங்க

"எந்த அளவைப் பார்த்து மாத்தணும்னு சொல்றீங்க?"

"இது உயரத்துக்கா, ஆட்டத்துக்கா, சத்தத்துக்கா?"

"பார்ட் நம்பர் என் மாடலுக்கும் எரிபொருளுக்கும் பொருந்துதா? கழற்றின பழசைக் காட்டுவீங்களா?"

வேலை தெரிந்த மெக்கானிக் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்பட மாட்டார். டார்ச்சை எடுத்துக்கொண்டு காட்டவே வருவார். செகண்ட் ஹேண்ட் கார் வாங்கப் போகிறவர்களும் விலை பேசும் முன் இதே நான்கு அளவை எடுத்துப் பார்க்கலாம். ஒரு மூலை மட்டும் இறங்கியிருந்தால் ஸ்பிரிங் உடைந்திருக்கலாம், விபத்தில் அடிபட்டும் இருக்கலாம். எதுவென்று தெரியாமல் அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம்.